கரிச்சான் கற்ற செந்தமிழ்

எங்கள் ஊர்க் கரிச்சான் செந்தமிழ் கற்ற கதையைக் கேட்டுக்கொண்டு இன்னமும் யாராவது வருகிறார்கள். கேமராவும் கையுமாக வருகிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன், நான் கணக்கு வாத்தியார் என்று. பறவைக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, 'மரத்தில் பன்னிரண்டு பறவைகள் இருந்தன, ஐந்து பறந்துவிட்டன, மீதி எத்தனை' என்பதுதான். அந்த ஐந்தும் ஏன் பறந்தன என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன்.

கேட்கிற பிள்ளைகள் எல்லாம் தங்கபுஷ்பம் டீச்சரின் அறிவியல் வகுப்பில் இருந்தார்கள். தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் மஞ்சணத்திப்பேரி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்த மைதானம், அதன் நடுவே ஒரு புங்கமரம். டீச்சர் எட்டாம் வகுப்பை அங்கே ஓட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிடுவார். சூடான காற்று மேலே எழும் என்பதற்கு, இறக்கையை அசைக்காமல் வட்டமடிக்கும் பருந்தைக் காட்டுவார். நெம்புகோலுக்குக் கொக்கின் அலகு. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அவருடைய முதல் பதில் ஒன்றுதான்: "ஏட்டி, மேல பாரு." பையனாக இருந்தால் "ஏல, மேல பாரு." பார்த்த பிறகுதான் புத்தகம். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தூங்கியதில்லை.

இது எப்படியோ மேலிடத்தின் காதுக்குப் போய்விட்டது. ஒரு காரியம் நன்றாக நடக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் பிறகு அதை நன்றாக நடக்க விடமாட்டார்கள். அதற்கு ஒரு திட்டம் வந்துவிடும். 'இயற்கைவழி அறிவியல்' என்று பெயர் சூட்டி, முதலில் எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி அனுப்பினார்கள்.

பறவை எழுப்பும் ஒலிக்கு என்ன பொருள் என்பதைக் கணினியைக்கொண்டு கண்டுபிடித்திருந்த காலம் அது. எதிரி வருகிறான், இது என் இடம், பசிக்கிறது, துணை வேண்டும் என்று பறவைகள் பேசுவதெல்லாம் புரிந்துவிட்டது. அதை உடனுக்குடன் தமிழில் சொல்வதுதான் பெட்டியின் வேலை. எந்தத் தமிழில் என்பதில்தான் சிக்கல் வந்தது. அதற்கு ஒரு குழு போட்டார்கள். காக்கை சென்னைத் தமிழ் பேசலாம் என்று ஒருவர் சொல்ல, சென்னைக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மயிலுக்கு மதுரைத் தமிழ் என்றதும், மயிலைக் கேவலப்படுத்துகிறீர்களா மதுரையைக் கேவலப்படுத்துகிறீர்களா என்று சண்டை. ஆந்தைக்கு எந்த ஊரும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாப் பறவைகளும் செந்தமிழிலேயே பேசுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பெட்டிக்குப் 'புள்ளொலிபெயர்ப்பி' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் 'கீச்சுப்பொட்டி' என்று வைத்தார்கள்.

பெட்டியைப் புங்கமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லுகிற பெண்குரல் அதற்கு. மைனா வாயைத் திறந்தால், "இவ்விடம் எம்முடையது, அகல்க" என்றது. வயதுக்கு மீறிய விஷயம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று குழு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. இனப்பெருக்கம் ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதனால் எட்டாம் வகுப்புக்கு வைத்த பெட்டி, குயில் துணையைத் தேடிக் கூவினால், "இப்பகுதி அடுத்த ஆண்டுப் பாடத்தில் இடம்பெறும்" என்று சொல்லும். மாசி பிறந்ததும் மரம் முழுக்கக் குயிலும் குக்குறுவானும் கூடிவிட, காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டின்மேல் அப்படியொரு ஆசை வந்துவிட்டது.

தங்கபுஷ்பம் டீச்சருக்கு மட்டும் பெட்டி பிடிக்கவில்லை.

"முன்னெல்லாம் புள்ளைங்க மரத்தப் பாத்தாங்க சார். இப்பம் பொட்டியப் பாக்காங்க" என்றார் என்னிடம்.

"பொட்டிதான் எல்லாத்தையும் சொல்லிருதே டீச்சர்."

"அதத்தான் சொல்லுதேன்."

ஒரு சுற்றறிக்கையும் கூடவே வந்திருந்தது. வேறெங்கோ ஒரு பள்ளியில் பருந்து ஒரு பையனின் தோசையைப் பறித்துக்கொண்டு போனதாம். ஆகவே பெட்டி "எச்சரிக்கை! வல்லூறு வருகின்றது!" என்று அறிவித்தவுடன், மாணவர்களும் ஆசிரியர்களும் மைதானத்தைவிட்டு ஓடி வராந்தாவுக்குள் வந்துவிட வேண்டும். வல்லூறு என்பது ஓணானையும் சிறு குருவியையும் அடிக்கிற பறவை, அதற்கும் தோசைக்கும் சம்பந்தமில்லை என்று டீச்சர் பதில் எழுதினார். பதிலுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் ஓடினோம். அந்த மரத்தில் வல்லூறைப் பார்த்துக் கத்துகிற காவல்காரன் ஒரு கரிச்சான். கன்னங்கரேலென்று, வால் நுனி இரண்டாகப் பிளந்து, மாட்டின் முதுகில் சவாரி செய்யுமே, அதேதான். பிள்ளைகள் அதை 'ரெட்டவாலு' என்பார்கள்.

ஒருநாள் முப்பிடாதியின் காலில் முள் குத்தியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை, எதையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற முகம். பெட்டி எச்சரித்ததும் எல்லோரும் ஓட, அவள் மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போனபோது டீச்சரிடம் சொன்னாள்.

"ரெட்டவாலு பொய் சொல்லுது டீச்சர்."

"எப்படிச் சொல்லுத?"

"வல்லூறே வரல. நான் மேல பாத்தேன். தவிட்டுக்குருவி ஒண்ணு தடியா ஒரு புழுவ இழுத்துச்சு. ரெட்டவாலு கத்துச்சு. தவிட்டுக்குருவி புழுவப் போட்டுட்டுப் புதருக்குள்ள ஓடிட்டு. ரெட்டவாலு எறங்கி வந்து புழுவத் தின்னுட்டுப் போயிட்டு."

டீச்சர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் சம்பள உயர்வு வந்த நாளில்கூடப் பார்த்ததில்லை.

"ஒரு தடவ பாத்தத வச்சுப் பொய்யின்னு சொல்லலாமா? ஒனக்குத் தெரியாம வல்லூறு அந்தப் பக்கமாப் போயிருந்தா?"

"அப்பம் என்ன செய்யணும் டீச்சர்?"

"மேல பாக்கணும். ஒவ்வொரு தடவயும்."

அந்த மாதம் முழுக்க எட்டாம் வகுப்புக்கு இதே வேலை. பெட்டி எச்சரித்ததும் சுற்றறிக்கைப்படி ஓடுவார்கள். ஓடிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். வல்லூறு வந்திருந்தால் வராந்தாச் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம், வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. சுவர் நிறைந்தபோது என்னைக் கூப்பிட்டு விகிதம் போடச் சொன்னார்கள். பெரும்பாலும் உண்மைதான், அவ்வப்போதுதான் பொய்.

"நெசத்தையே சொல்லிட்டு வந்தாத்தான சார் நடுவுல ஒரு பொய்ய நம்புவாங்க? எப்பவும் பொய் சொன்னா யாரு ஓடுவா?" என்றாள் முப்பிடாதி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நான் அவளை மெதுவாகப் பேசச் சொன்னேன்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. தவிட்டுக்குருவிகள் பக்கத்திலேயே இல்லாதபோதும் சில நாள் கரிச்சான் பொய்க்குக் கத்தியது. "அப்பம் அது யார ஏமாத்துது?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தெரியவில்லை என்பதையும் சுவரில் எழுதிவைக்கச் சொன்னார் டீச்சர்.

பிறகு மாதத் தேர்வு வந்தது. 'பறவைகளின் எச்சரிக்கை ஒலியால் விளையும் பயன் யாது?' என்று கேள்வி. மேலிடம் அனுப்பிய விடைக்குறிப்பில், 'பறவைகள் பொய் சொல்லா. அவை எச்சரித்து ஏனைய உயிர்களைக் காக்கின்றன' என்று இருந்தது. முப்பிடாதி, 'வல்லூறு வந்தால் மற்றவர்கள் பிழைக்கலாம். வராவிட்டால் கத்தினவர் சாப்பிடலாம்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார்.

கல்வி அலுவலர் திருமலைக்கொழுந்து ஜீப்பில் வந்து இறங்கினார். விடைத்தாளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தார். துணைக்கு நானும் நின்றிருந்தேன்.

"டீச்சர், பறவை சொல்லுதத்தான பொட்டி சொல்லுது?"

"ஆமா சார்."

"பறவை பொய் சொல்லிச்சுன்னா, பொட்டி சொல்லுததும் பொய்தான?"

"ஆமா சார்."

"பொட்டி யாரோடது?"

"அரசாங்கத்தோடது."

"இப்பம் நீங்களே சொல்லுங்க. யாரு பொய் சொல்லுதான்னு அந்தப் புள்ள எழுதியிருக்கு?"

டீச்சர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினார். அவர் சுவரைப் பார்த்தார். அரசுக் கட்டடத்தில் கிறுக்கியது தனிக் குற்றம் என்றார்.

ஆள் கெட்டவர் இல்லை, வழியும் அவரே சொன்னார். அடுத்த வாரம் கல்வித் துறை இயக்குநர் எங்கள் பள்ளிக்கு வருகிறார், மைதானத்திலேயே விழா. அதில் முப்பிடாதி மேடையேறி, 'பறவைகள் பொய் சொல்லா' என்ற பாடத்தை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட வேண்டும். வாசித்துவிட்டால் பிள்ளை திருந்திவிட்டதாகக் கோப்பை மூடிவிடலாம். வாசிக்காவிட்டால் தங்கபுஷ்பம் டீச்சருக்கு ஓசூருக்கு அந்தப் பக்கம் மாறுதல், உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருக்கிறது.

டீச்சர் இதைப் பிள்ளையிடம் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன். அவர் போய்விடக்கூடாது என்று எனக்கு அப்படியொரு பதைப்பு. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கேள்வி கேட்பது அவர் ஒருவரால்தான், அந்தப் பழக்கம் என் கணக்கு வகுப்புக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. உட்காரச் சொல்வதை நானும் மறந்துபோயிருந்தேன்.

"நாலே வரி. வாசிச்சிட்டு எறங்கிரு. டீச்சர் இங்கனயே இருப்பாவ" என்றேன்.

முப்பிடாதி நிமிர்ந்து கேட்டாள்.

"ரெட்டவாலு புழுவுக்காகச் சொல்லுது. நான் டீச்சருக்காகச் சொல்லணும். அப்படித்தான சார்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியாத கோபம்.

விழா அன்று மைதானத்தில் பந்தல் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புங்கமரத்துப் பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. இயக்குநர் பேச எழுந்தார். "இத்திட்டத்தின் மாபெரும் நோக்கம் யாதெனில்" என்று அவர் நிறுத்தியதும் மரத்தில் ஒரு குயில் கூவ, "இப்பகுதி அடுத்த ஆண்டுப் பாடத்தில் இடம்பெறும்" என்றது பெட்டி. கூட்டம் சிரித்துவிட்டது. அவர் மறுபடி ஆரம்பித்தார், குயிலும் ஆரம்பித்தது. திருமலைக்கொழுந்து வேர்த்து விறுவிறுக்க ஓடிப்போய், பெட்டியின் ஒயரைத் தம் கையாலேயே பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பார்த்தேன்.

பேச்சு முடிந்து முப்பிடாதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கையில் பாடப்புத்தகம். மைக் அவளைவிட உயரமாக இருந்தது, டீச்சர் போய்த் தணித்துவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"பறவைகள்..." என்று ஆரம்பித்தாள் முப்பிடாதி.

"எச்சரிக்கை! வல்லூறு வருகின்றது!"

சுற்றறிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் ஓடியது திருமலைக்கொழுந்து. அடுத்து இயக்குநர், அவர் பின்னால் தலைமையாசிரியர், பூச்செண்டு, பெற்றோர், பிள்ளைகள். கம்பளத்தில் போனால் சுற்று என்று எல்லோரும் புல்லுக்குள் இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வராந்தாவைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன். பாதி வழியில்தான், பெட்டியின் ஒயரைப் பிடுங்கியாயிற்றே என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் டீச்சரும் முப்பிடாதியும் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

மரக்கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. பிளந்த வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அலகைத் திறந்து, ரயில் நிலையப் பெண்குரலில், அட்சரம் பிசகாமல், "எச்சரிக்கை! வல்லூறு வருகின்றது!" என்றது. பிறகு புல்லுக்கு மேலே பறந்து வந்து எதையோ கொத்திக்கொண்டு கிளைக்குத் திரும்பியது.

விஷயம் புரிந்ததும் முதலில் சுதாரித்துக்கொண்டவர் திருமலைக்கொழுந்து. மூச்சு வாங்கிக்கொண்டே, "நம்ம திட்டத்தோட வெற்றியப் பாத்தீங்களா சார்! பறவையே செந்தமிழ் பேசுது!" என்றார். இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பறவையும் 'வருகின்றது' என்று முழுசாகச் சொன்னதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு விழாவை முடித்திருக்கலாம். ஆனால் இயக்குநர் மேடைக்குத் திரும்பி வந்து, முப்பிடாதியைப் பார்த்துக் குனிந்து, மைக்கிலேயே கேட்டார்.

"எல்லாரும் ஓடினோமே, நீ ஏம்மா ஓடலை?"

"வல்லூறு வரல சார்."

"அதுதான் சொன்னதே, வருதுன்னு?"

முப்பிடாதி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையிலிருந்த கேள்வி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மாறுதல் விஷயத்தை நான் பிள்ளையிடம் சொன்னது டீச்சருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. அவள் தோளில் கைவைத்து, "பாத்ததச் சொல்லுட்டி" என்றார்.

"பொய் சொல்லுச்சு சார். மாடு ஓடுனா புல்லுல இருக்க வெட்டுக்கிளியெல்லாம் மேல பறக்கும். ரெட்டவாலு கூடவே போயிப் புடிச்சுத் திங்கும். இங்கன மாடு கெடையாது. அதனால..."

அவள் நிறுத்திவிட்டாள். வாக்கியத்தை முடிக்கிற வேலையை இயக்குநர் செய்துகொண்டார். குனிந்து தம் வேட்டியைப் பார்த்தார், அதில் ஒரு வெட்டுக்கிளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"தமிழ் பேசுற பறவை பொய் சொல்லுமா?" என்றார், குரல் இறங்கி.

"தமிழ்ல சொன்னதாலதான சார் எல்லாரும் நம்புனீங்க?"

 டீச்சர் திரும்பி வராந்தாச் சுவரைப் பார்த்தார். அது யாரை ஏமாற்றுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. கரிச்சானுக்குத் 'தமிழறி புள்' என்று பட்டம் கொடுத்தார்கள். திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் விரிந்தது, திருமலைக்கொழுந்துக்குப் பதவி உயர்வு. பறவை நேரடியாகத் தமிழில் சொன்னாலும் மாணவர்கள் ஓட வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. வராந்தாவுக்கு வெள்ளையடித்தார்கள். தங்கபுஷ்பம் டீச்சர் ஓசூருக்கு அந்தப் பக்கம் போனார். போகிற அன்று பேருந்து நிறுத்தத்தில் முப்பிடாதி தேம்பித் தேம்பி அழுதாள். தான் வாசித்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ வாசிச்சிருந்தா நான் இருந்திருப்பேன். ஆனா எதுக்கு இருக்கேன்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்" என்றார். எனக்கும் அழுகை வந்தது, நான் அவருடைய துணிப்பெட்டியை ஏற்றிவிடுகிற சாக்கில் பேருந்தின் பின்பக்கம் போய்விட்டேன்.

புது அறிவியல் ஆசிரியர் வரும்வரை எட்டாம் வகுப்பைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பெட்டியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "எச்சரிக்கை! வல்லூறு வருகின்றது!" என்று கரிச்சான் கத்தும். முதலில் ஓடினார்கள், பிறகு பாதிப் பேர் ஓடினார்கள், பிறகு யாருமே ஓடவில்லை. கரிச்சான் சில நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

ஒருநாள் மரத்தடியிலேயே நான் பின்னச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, மேல பாரு!"

தங்கபுஷ்பம் டீச்சரின் குரல். அந்த அவசரம், 'பாரு'வில் வருகிற அந்தச் சின்ன இழுப்பு, எல்லாம் அப்படியே. நான் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு அது பறவையின் குரலாகவே படவில்லை. அத்தனை பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் வெறுமையாக இருந்தது.

"பொய்" என்றாள் முப்பிடாதி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

யாரும் ஓடவில்லை. ஒரு வெட்டுக்கிளிகூடப் பறக்கவில்லை. கரிச்சான் மறுபடி மறுபடி அதையே சொல்லிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் மேலே பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்தார்கள். அந்தத் திருட்டுப் பறவை கற்றுக்கொண்ட தமிழில் அதற்குச் சோறு போடாத வாக்கியம் இந்த ஒன்றுதான்.

நான் ஃபோனை எடுத்து டீச்சரை அழைத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஃபோனை மரத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். கரிச்சான் இன்னொரு முறை சொன்னது. பிறகு ஃபோனைக் காதில் வைத்தேன். டீச்சர் கேட்டார்.

"வல்லூறு வந்துச்சா சார்?"

"வரல டீச்சர்."

"புள்ளைங்க சொன்னாங்களா, நீங்க பாத்தீங்களா?"

"நானேதான் பாத்தேன்" என்றேன்.